சட்டம் தெரியாதது குற்றமா? ஒரு வக்கீல் நோட்டீஸும் 'இக்னரன்ஷியா' என்ற சொல்லும்

வாசகர் கேள்வி:

வக்கீல் சார், தென்காசிப் பக்கம் ஜெராக்ஸ், ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். பத்தாவது வரைதான் படிப்பு. ஐந்து வருடத்துக்கு என்று பேசி, இருபது ரூபாய் பத்திரத்தில் கட்டட ஓனரும் நானும் கையெழுத்துப் போட்டோம், சாட்சியும் உண்டு. இரண்டு வருடம்கூட முழுசாக ஆகவில்லை, காலி செய்யச் சொல்லி அவருடைய வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாததால் ஐந்து வருடம் என்பது செல்லாதாம். பதிவு செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது என்று நானே ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். அதற்கு வந்த பதிலில் 'இக்னரன்ஷியா ஜூரிஸ் நான் எக்ஸ்க்யூசட்' என்று ஆங்கில எழுத்தில் ஒரு வரி, அடிக்கோடு வேறு. என் பையன் போனில் தேடிவிட்டு "உங்களை முட்டாள்னு சொல்றாங்கப்பா" என்கிறான். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? நான் என்ன குற்றம் செய்தேன்? நாட்டில் இருக்கிற எல்லாச் சட்டமும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமா? கடையைக் காலி செய்யத்தான் வேண்டுமா?

பதில்:

அண்ணாச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். நோட்டீஸ் வந்ததும் கடையைக் காலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த இருபது ரூபாய்ப் பத்திரத்தைக் காட்டி ஐந்து வருடமும் இருப்பேன் என்று நிற்கவும் முடியாது. இந்த இரண்டுக்கும் காரணம் வேறு சட்டங்களில் இருக்கிறது. அந்த லத்தீன் வரிக்கும் உங்கள் விவகாரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிற விஷயத்தில் பாதி சரியாக இருக்கலாம், அதற்கு அவர் சொன்ன காரணம் தப்பு. இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு வரியை வைத்து அலுவலகங்களிலும் நோட்டீஸ்களிலும் ஆட்களை வாயடைக்கிற வழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது.

முதலில் சொல். இக்னரன்ஷியா என்றால் அறியாமை. ஒன்று தெரியாமல் இருக்கிற நிலை, அவ்வளவுதான், அதில் வசவு எதுவும் இல்லை. நம் கோர்ட்டுகளில் ஆங்கிலேயர் விட்டுப்போன உச்சரிப்பில் இக்னரன்ஷியா என்கிறோம், பழைய ரோமானியர் வாயில் அது இக்னோரான்டியா என்பதற்குப் பக்கத்தில் ஒலித்திருக்கும். முன்னால் இருப்பது 'இல்லை' என்கிற முன்னொட்டு, பின்னால் இருப்பது அறிதலைக் குறிக்கிற 'க்னோ' என்ற வேர். இதே வேர் சமஸ்கிருதத்தில் 'ஞா' ஆகி, அங்கிருந்து ஞானம், அஞ்ஞானம் என்று தமிழுக்கும் வந்தது. ஆக அஞ்ஞானமும் இக்னரன்ஷியாவும் தூரத்துப் பங்காளிகள். ஜூரிஸ் என்றால் சட்டத்தின். 'நான் எக்ஸ்க்யூசட்' என்றால் விடுவிக்காது. சட்டத்தை அறியாமல் இருந்தது ஒருவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது, இதுதான் மொத்த வரியும். சில நோட்டீஸ்களில் ஜூரிஸுக்குப் பதில் 'லெஜிஸ்' என்று இருக்கும், நடுவில் 'நெமினெம்', அதாவது 'யாரையும்', என்று ஒரு சொல் சேர்ந்திருக்கும். எல்லாம் ஒன்றுதான்.

உங்கள் பையன் தேடியபோது அநேகமாக 'இக்னரேமஸ்' என்ற இன்னொரு சொல்லில் போய் விழுந்திருப்பான். ஆங்கிலத்தில் அது மூடனைக் குறிக்கும், அதனால் அவன் சொன்னதில் ஆச்சரியமில்லை. ஆனால் லத்தீனில் அது பெயர்ச்சொல்லே இல்லை, ஒரு முழு வாக்கியம்: 'எங்களுக்குத் தெரியாது'. இங்கிலாந்தில் கிராண்ட் ஜூரி என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஒருவர் மேல் குற்ற வழக்கு நடத்துமளவுக்குச் சாட்சியம் இருக்கிறதா என்று விசாரணைக்கு முன்னாலேயே பார்க்கிற ஊர்க்காரர்கள் குழு அது. இருக்கிறது என்று பட்டால் குற்றப்பத்திரிகையின் பின்பக்கம் 'உண்மையான பத்திரிகை' என்று எழுதுவார்கள், போதாது என்று பட்டால் 'இக்னரேமஸ்' என்று எழுதித் திருப்பிக் கொடுப்பார்கள். அப்படி எழுதினால் ஆளை விட வேண்டியதுதான். 1681இல் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு மேல் அரசு கொண்டுவந்த ராஜத்துரோக வழக்கை லண்டன் கிராண்ட் ஜூரி இந்த ஒற்றைச் சொல்லால்தான் திருப்பி அனுப்பியது. அன்றைக்கு அது அரசனுக்கு எதிராக நிற்கிற துணிச்சலான சொல்.

அப்புறம் எப்படி மூடன் ஆனது என்றால், 1615இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் ரகில் என்பவர் லத்தீனில் ஒரு கேலி நாடகம் போட்டார். அதில் சட்டத்துக்கு வெளியே ஒன்றுமே தெரியாமல், அரைகுறைச் சட்ட லத்தீனைக் கொட்டுகிற ஒரு வக்கீல் வருகிறார். அவருக்கு வைத்த பெயர் இக்னரேமஸ். முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கு நாடகம் பிடித்துப்போய் மறுபடியும் வந்து பார்த்தார். சொல் அந்தப் பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆக, அந்த வசவு முதலில் விழுந்தது புரியாத லத்தீனை வைத்து மற்றவர்களை மிரட்டுகிற வக்கீல் மேல்தான். இதை எதிர்த்தரப்பு வக்கீலுக்கு எழுதி அனுப்ப வேண்டாம், உங்கள் பையனிடம் மட்டும் சொல்லுங்கள்.

சரி, விதிக்கு வருவோம். இது ரோமானியச் சட்டத்திலிருந்து வருகிறது. ஜஸ்டினியன் பேரரசர் 533இல் வெளியிட்ட டைஜெஸ்ட் என்ற சட்டத் தொகுப்பில் இருபத்திரண்டாம் புத்தகத்தின் ஆறாவது தலைப்பே 'சட்டத்தையும் நிகழ்வையும் அறியாமை பற்றி'. அதில் பவுலுஸ் என்ற சட்ட அறிஞர் சொல்வதாக வருவது: சட்டம் தெரியாமல் இருப்பது ஒருவருக்குக் கேடு, நடந்தது என்ன என்று தெரியாமல் இருப்பது கேடு இல்லை. நோட்டீஸில் எழுதுகிறவர்கள் இந்த முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பவுலுஸ் அதே மூச்சில் விலக்கும் சொல்கிறார். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சட்டம் தெரியாமல் இருக்க அனுமதி உண்டு, சில விஷயங்களில் பெண்களுக்கும் உண்டு. படைவீரர்களுக்கும் சலுகை இருந்தது. பெண்களுக்குச் சொன்ன காரணத்தை இன்றைக்குப் படித்தால் எரிச்சல்தான் வரும், அது வேறு கதை. விதியைச் செய்தவர்களே அது எல்லோர் மேலும் ஒரே மாதிரி பாயும் என்று நினைக்கவில்லை, அதற்காகத்தான் சொல்கிறேன்.

அதே தலைப்பில் பாபினியன் என்ற இன்னொரு பெரிய அறிஞர் சொன்னது எனக்கு அதைவிடப் பிடிக்கும். சட்டம் தெரியாமல் இருந்தேன் என்பதை வைத்துப் புதிதாக ஒன்றைச் சம்பாதிக்க முடியாது, ஆனால் தன்னுடையதைத் திருப்பிக் கேட்கிறவனுக்கு அந்த அறியாமை இடைஞ்சல் ஆகாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் அட்வான்ஸ் பணத்தைப் பற்றிப் பேசும்போது வேண்டியிருக்கும்.

எல்லாச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், யாருக்கும் தெரியாது. இத்தனை வருடம் கறுப்புக் கோட்டு போட்டிருக்கிற எனக்கும் தெரியாது, நீதிபதிகளுக்கும் தெரியாது, அதனால்தான் மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறது. எல்லோருக்கும் சட்டம் தெரியும் என்று சட்டம் அனுமானிக்கிறது என்பார்கள். இதை உச்ச நீதிமன்றமே மறுத்திருக்கிறது. மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை வழக்கில், 1979 தொகுப்புகளில் வந்த தீர்ப்பு அது, உத்தரப்பிரதேச அரசு தருவதாகச் சொன்ன வரிவிலக்கை ஆலை தானாகவே விட்டுக்கொடுத்துவிட்டது என்று அரசு வாதாடியது. நீதிபதி பகவதி அதை ஏற்கவில்லை. தனக்கு ஒரு உரிமை இருக்கிறது என்று தெரிந்தால்தானே அதை ஒருவர் விட்டுக்கொடுக்க முடியும்? எல்லோருக்கும் சட்டம் தெரியும் என்று ஒரு அனுமானமும் கிடையாது என்று தெளிவாகவே எழுதினார்.

அப்படியானால் விதி எதற்கு? பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேய அறிஞர் ஜான் செல்டன் இதற்கு நேர்மையான பதில் சொன்னார். எல்லோருக்கும் சட்டம் தெரியும் என்பதால் வந்த விதி இல்லை இது, தெரியாது என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள், அது பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, அதனால்தான் இந்த விதி என்றார். ஆக இது நிர்வாகத்துக்காக வைத்துக்கொண்ட ஏற்பாடு. நீங்கள் அறிவாளியா மூடனா என்ற தீர்ப்பு அதில் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் 'தெரியாது' என்ற கதவு வழியாக வெளியே போக முடியாது என்கிறது, அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கதவை எவ்வளவு இறுக்கமாகச் சாத்துவார்கள் என்பதற்கு இரண்டு வழக்குகள். 1799 மே மாதம் இங்கிலாந்து நாடாளுமன்றம் கடலில் நடக்கும் குற்றங்கள் பற்றி ஒரு சட்டம் போட்டது. அடுத்த மாதம் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் பெய்லி என்ற கப்பல் தலைவர் இன்னொரு கப்பலில் இருந்தவரைச் சுட்டார். கடலில் மிதந்துகொண்டிருந்தவருக்கு அந்தச் சட்டம் தெரிந்திருக்க வழியே இல்லை. அப்படியும் குற்றவாளி என்றார்கள், ஆனால் மன்னிப்புக்கும் சேர்த்தே பரிந்துரை செய்தார்கள். இன்னொன்று நம் நாட்டில் நடந்தது. 1962 நவம்பரில் மேயர் ஹான்ஸ் ஜார்ஜ் என்ற ஜெர்மானியர் ஜூரிச்சிலிருந்து மணிலாவுக்குப் போகிற விமானத்தில், சட்டைக்குள் முப்பத்து நான்கு கிலோ தங்கத்தோடு, பம்பாயில் வந்து இறங்கினார். இறங்கினார் என்பதுகூடத் தப்பு, அவர் விமானத்தை விட்டு வெளியே வரவே இல்லை. வழியில் கொண்டுபோகிற தங்கத்தையும் கணக்கில் காட்ட வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி அறிவிப்பு அரசிதழில் நவம்பர் 24ஆம் தேதி வந்தது, அவர் வந்தது 28ஆம் தேதி. அறிவிப்பைப் பற்றி எனக்குத் தெரியாது என்றார். பம்பாய் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சுப்பா ராவ் ஒருவர் மட்டும் அதே பக்கம் நிற்க, மற்ற இருவரும் குற்றம்தான் என்றார்கள். தண்டனையை மட்டும் அதுவரை சிறையில் கழித்த காலத்தோடு முடித்துக்கொண்டார்கள். நான்கு நாளில் ஐரோப்பாவில் இருக்கிற ஒருவர் இந்திய அரசிதழைப் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. சுப்பா ராவ் பக்கம்தான் என் மனசும்.

ஆனால் இதற்கு ஒரு எதிர்க்கடமை இருக்கிறது, அதைத்தான் யாரும் நோட்டீஸில் எழுதுவதில்லை. தெரியாது என்று சொல்லக்கூடாது என்றால், தெரிந்துகொள்ள வழி இருக்க வேண்டும். ரோமாபுரியில் காலிகுலா சக்கரவர்த்தி புது வரிகளைப் போட்டார், எழுதி வைக்கவில்லை. மக்கள் தெரியாமல் தவறு செய்து மாட்டிக்கொண்டே இருந்தார்கள். எழுதி வையுங்கள் என்று கூச்சல் போட்டபோது வைத்தார், எப்படி? பொடிப்பொடி எழுத்தில், குறுகலான ஒரு இடத்தில், யாரும் நகல் எடுக்க முடியாதபடி. சூட்டோனியஸ் என்ற வரலாற்றாசிரியர் இதை எழுதும்போது மக்கள் மாட்டிக்கொண்டதற்குக் காரணமாகப் போட்டிருப்பது இதே இக்னரன்ஷியாதான். அந்த இடத்தில் அந்தச் சொல் சுட்டுவது மக்களை இல்லை, ஆட்சியை.

நம் உச்ச நீதிமன்றம் ஆரம்பத்திலேயே இதில் உறுதியாக நின்றது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1923இல் அமைச்சர்கள் குழு ஒரு தீர்மானம் போட்டு அபினிச் சட்டம் கொண்டுவந்தது, ஆனால் அரசிதழிலோ வேறு எங்குமோ வெளியிடவில்லை. பல வருடம் கழித்து ஹர்லா என்பவர் அபினி வைத்திருந்ததாகப் பிடிபட்டு ஐம்பது ரூபாய் அபராதம் விழுந்தது. ஐம்பது ரூபாய்க்காக உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு. 1951இல் நீதிபதி விவியன் போஸ் அபராதத்தை ரத்து செய்தார். பூட்டிய அறைக்குள் எடுத்த தீர்மானத்தை வைத்து ஒரு மனிதனைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு ஒவ்வாது, வெளியிட்டால்தான் அது சட்டம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அபினி வைத்திருந்தவருக்காக இதைச் சொன்னார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

நிகழ்வை அறியாமை பற்றிச் சொல்லாமல் விட்டால் கதை முடியாது. இபிகோ 76, 79 என்று இருந்தது, 2024 ஜூலை 1க்குப் பிறகு பாரதிய நியாய சன்ஹிதாவில் 14, 17 என்று இருக்கிறது. நல்லெண்ணத்தோடு, நடந்ததைத் தவறாகப் புரிந்துகொண்டு ஒன்றைச் செய்தால் குற்றமில்லை, தவறாகப் புரிந்துகொண்டது சட்டத்தை என்றால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒரிசாவில் ரஸ்கோவிந்த்பூர் என்ற இடத்தில் கைவிடப்பட்ட ஒரு விமானத்தளம். அங்கே பேய் நடமாடுகிறது என்று ஊரே நம்பியது. பழைய இரும்பு வாங்க வந்த வியாபாரி ஒருவரோடு வந்த நேபாளி வேலைக்காரர், இரவில் வெளிச்சம் ஒன்று அசைவதைப் பார்த்துப் பேய் என்றே நம்பி, குக்ரிக் கத்தியோடு பாய்ந்துவிட்டார். லாந்தர் விளக்கோடு இலுப்பைப் பூ பொறுக்க வந்த ஆதிவாசிப் பெண்கள் அவர்கள். ஒருவர் இறந்துபோனார், சிலர் காயப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் 79ஆவது பிரிவின்படி அவரை விடுதலை செய்தது, ஒரிசா உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எதிரில் இருப்பது மனிதர்கள் என்றே அவருக்குத் தெரியாது, இது நிகழ்வை அறியாமை. மனிதரைக் கொல்வது குற்றம் என்று தெரியாது என்று அவர் சொல்லியிருந்தால் சட்டத்தை அறியாமை, உள்ளேதான் இருந்திருப்பார். இறந்த பெண்ணின் வீட்டுக்கு இந்த வித்தியாசம் என்ன ஆறுதல் தந்திருக்கும் என்பதை நான் இங்கே பேச முடியாது.

இப்போது உங்கள் கடைக்கு வருவோம். இவ்வளவு நேரம் சொன்ன வழக்குகளில் பெரும்பாலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: ஒரு குற்றம், ஒரு அபராதம், ஒரு தண்டனை. இக்னரன்ஷியா விதி முக்கியமாக அங்கே வேலை செய்கிற விதி. நீங்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று பதிவுச் சட்டத்தின் 17ஆவது பிரிவும், சொத்து மாற்றுச் சட்டத்தின் 107ஆவது பிரிவும் சொல்கின்றன. பதிவு செய்யாத பத்திரத்தைக் குத்தகை நிபந்தனைகளுக்குச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 49ஆவது பிரிவு சொல்கிறது. ஐந்து வருடம் என்ற வரி உங்களுக்கு உதவாமல் போவது இதனால்தான். இதில் உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்ற கேள்விக்கே இடமில்லை. சட்டக் கல்லூரியில் இதே பாடத்தை நடத்துகிற பேராசிரியர் ஒருவர், எல்லாம் தெரிந்தே, சோம்பல்பட்டுப் பதிவு செய்யாமல் விட்டிருந்தாலும் இன்றைக்கு உங்கள் நிலைதான் அவருக்கும். அறியாமை காரணமாக இல்லாத இடத்தில் அறியாமையைப் பற்றிய விதியைக் கொண்டுவந்து அடிக்கோடு போடுவதற்கு ஒரே பயன், எதிரில் இருப்பவரைக் கூச்சப்பட வைப்பது.

இன்னொன்று, அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர். ஓனரும் பதிவு அலுவலகத்துக்கு வரவில்லை. நாளைக்கு நீங்களே வியாபாரம் சரியில்லை என்று கிளம்பினால், மீதி மூன்று வருட வாடகையைக் கொடு என்று அதே தாளை வைத்து அவரும் கேட்க முடியாது.

அப்படியானால் உங்களுக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. பத்திரம் பயன்படாவிட்டாலும், கடை உங்கள் கையில் இருக்கிறது, வாடகை கொடுத்திருக்கிறீர்கள், அவர் வாங்கியிருக்கிறார். பதிவு செய்யாத குத்தகையில்கூட, நடந்துகொண்ட விதத்தை வைத்து மாதாந்திர வாடகைதாரர் என்ற உறவு உண்டாகும் என்று உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2000இல் சொல்லியிருக்கிறது. அத்துமீறி நுழைந்தவர் என்று உங்களை யாரும் சொல்ல முடியாது. மாதாந்திர வாடகையை முடிக்க சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆவது பிரிவின்படி பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும், அப்புறமும் நீங்களாகப் போகாவிட்டால் அவர் நீதிமன்றம்தான் போக வேண்டும். அதோடு, தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. நகர்ப்புறக் கடைகளுக்கும் அது பொருந்தும். எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் வேண்டும் என்கிறது, ஒப்பந்தம் போடத் தவறியதையே காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணமாகவும் வைத்திருக்கிறது, ஆனால் வெளியேற்றுவது வாடகை நீதிமன்றத்தின் வழியாகத்தான். உங்கள் கடை இருக்கிற இடம் பேரூராட்சியா ஊராட்சியா என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பொறுத்து எந்தச் சட்டம் என்பது மாறும், உள்ளூர் வக்கீலிடம் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். எந்தச் சட்டமாக இருந்தாலும் பூட்டுப் போடுவது, கரண்டைக் கட் பண்ணுவது, சாமானை வெளியே எறிவது எதுவும் நடக்கக் கூடாது. அப்படி ஏதும் ஆரம்பித்தால் அன்றைக்கே தடையுத்தரவு கேட்டு மனு போடுங்கள்.

பத்திரத்தை இப்போது கொண்டுபோய்ப் பதிவு செய்துவிடலாமா என்று தோன்றும். காலம் போய்விட்டது, எழுதிய நான்கு மாதத்துக்குள் கொண்டுபோயிருக்க வேண்டும், அபராதத்தோடு இன்னும் நான்கு மாதம் கிடைக்கும், அவ்வளவுதான். இருபது ரூபாய் முத்திரையும் போதாது, அதைக் கோர்ட்டில் எடுத்து நீட்டினால் குறைவுத் தொகையும் பத்து மடங்கு வரை தண்டமும் கட்டச் சொல்வார்கள். அதனால் வக்கீலைக் கேட்காமல் யாரிடமும் அசலைக் கொடுக்க வேண்டாம். ஓனர் பேசுகிற மனநிலையில் இருந்தால் புதிதாக ஒன்று எழுதி முறையாகப் பதிவு செய்துகொள்வதுதான் நல்லது. ஊரெல்லாம் பதினோரு மாத ஒப்பந்தமாகவே போட்டுக்கொள்வதன் ரகசியம் இந்தப் 17ஆவது பிரிவுதான், ஆனால் ஐந்து வருடத்தை நம்பிக் கடையில் பணம் போடுகிறவருக்குப் பதினோரு மாதம் ஒரு பாதுகாப்பும் இல்லை.

அட்வான்ஸ் எவ்வளவு என்று எழுதவில்லை. எவ்வளவானாலும் அது உங்கள் பணம். ஒப்பந்தம் பதிவாகவில்லை, அதனால் அட்வான்ஸும் இல்லை என்று சிலர் கதை விடுவார்கள். பாபினியன் சொன்னதுதான், தன்னுடையதைத் திருப்பிக் கேட்கிறவருக்கு அறியாமை இடைஞ்சல் இல்லை. நம் ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆவது பிரிவும் தவறுதலாகக் கொடுத்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அந்தத் தவறு சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதாக இருந்தாலும் சரி என்று பனாரஸ் வியாபாரி ஒருவர் கட்டிய விற்பனை வரி வழக்கில் 1958இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் அட்வான்ஸுக்கு அந்தப் பிரிவுகூடத் தேவைப்படாது, வாடகை பாக்கியும் சேதமும் போக மீதியை ஓனர் தந்தே ஆக வேண்டும். வங்கி வழியாகக் கொடுத்திருந்தால் அந்தப் பதிவை இப்போதே எடுத்து வையுங்கள், கையில் கொடுத்திருந்தால் சாட்சி போட்டவரிடம் பேசி வையுங்கள்.

கடைசியாகப் பதில் நோட்டீஸ். இக்னரன்ஷியாவுக்கு இன்னொரு பிரபலமான உபயோகமும் இருக்கிறது, 'ஆர்கியுமென்டம் அட் இக்னரன்ஷியம்'. 1690 வாக்கில் ஜான் லாக் என்ற தத்துவ அறிஞர் வாதிடுகிற தந்திரங்களை வகைப்படுத்தியபோது குறித்தது: நான் சொல்வதை ஒப்புக்கொள், இல்லையென்றால் இதைவிட நல்லதாக ஒன்றை நீ காட்டு, காட்ட முடியவில்லை என்றால் நான் சொன்னதே உண்மை. நீங்கள் பதில் போடாமல் இருந்தால் எதிர்த்தரப்பு நாளைக்கு இதையேதான் செய்யும், 'நோட்டீஸில் சொன்னதை அவர் மறுக்கவே இல்லை' என்று. அதனால் பேசாமல் இருக்க வேண்டாம். நீங்களே எழுதிய அந்த முதல் கடிதம் பெரிய சேதம் எதுவும் செய்துவிடாது, ஆனால் இனிமேல் வக்கீல் மூலமாகவே போகட்டும். பதிலில் மூன்றே விஷயம் போதும்: வாடகை இந்தத் தேதி வரை கொடுக்கப்பட்டிருக்கிறது, அட்வான்ஸாக இவ்வளவு உங்களிடம் இருக்கிறது, சட்டப்படியான நடவடிக்கை மூலம் அல்லாமல் என்னை வெளியேற்றக் கூடாது. தெரியாது என்ற சொல் அதில் வரவே வேண்டாம். பதிலுக்கு லத்தீனும் வேண்டாம்.

வாடகையை மட்டும் எந்தக் கோபத்திலும் நிறுத்தாதீர்கள். ஓனர் வாங்க மறுத்தால் அவர் வங்கிக் கணக்கில் போடுங்கள், கணக்கு எண் இல்லை என்றால் மணியார்டர் அனுப்புங்கள், திரும்பி வந்தாலும் அந்த ரசீதைக் கிழித்துப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை பாக்கி என்று ஒன்று எழுதிவிட்டால், இவ்வளவு நேரம் பேசியதில் பாதி உங்களுக்கு உதவாமல் போய்விடும்.